இரவல் ஒப்பாரி

முழுதாக எஞ்சியிருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் முப்பதுக்குச் சற்று மேல். அவற்றில் பெண் வேடமே இல்லாதது சோபொக்கிளிஸ் எழுதிய 'பிலொக்டெடிஸ்' ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் பெண் இருக்கிறாள். பலவற்றுக்கு அவள் பெயரே தலைப்பு: மெடியா, அன்டிகனி, எலெக்ட்ரா, ஹெக்குபா, அல்செஸ்டிஸ். ஆனால் ஏதென்ஸின் தியோனிசுஸ் அரங்கில் ஒரு பெண்ணாவது வேடம் கட்டி ஏறியதில்லை. முகமூடிக்குப் பின்னால் இருந்தவன் ஆண். துரோய் நகரத்துக் கைம்பெண்களாகக் கூட்டமாய் நின்று பாடி அழுதவர்களும் ஏதென்ஸின் ஆண்களே. பார்க்க வந்த கூட்டத்திலாவது பெண்கள் இருந்தார்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இலங்கை மலையகத்தின் வலப்பனை, ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாசிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு காமன் கூத்து ஆடும் காமன் பொட்டலின் ஓரத்தில் குந்தியிருந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். ரதியும் மன்மதனும் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இரவிரவாகத் தப்பு அதிரும். கல்யாணம் நடக்கும், தூதன் வருவான், வீரபுத்திரன் வருவான், எமன் வருவான். கடைசியில் சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் எரிவான். அதற்குப் பிறகுதான் கூத்தின் உயிரான இடம்: ரதி புலம்பல். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிய, முள்ளுக் குத்திய ஓர் ஆண், சேலையும் கொண்டையுமாகத் தாலி இழந்தவளாக மண்ணில் விழுந்து அழுகிறான். சுற்றி நிற்கிற பெண்கள், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆணுக்கு வாயே திறக்காது. அன்றைக்கு அழுது பாட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எங்களிடமும் கிரேக்கம் இருக்கிறது என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வியாதி தமிழில் பழையது, மருந்தும் இல்லை. பெண் வேடத்தை ஆண் கட்டுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். கண்டி மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களின் களத்துமேட்டில் ஆடப்படும் சொக்கரியிலும், வைத்தியனோடு ஓடிப்போகும் அந்த அழகிய மனைவி ஓர் ஆண்தான். அங்கே அது சிரிப்புக்கு. என்னை உறுத்துவது அழுகை. சிரிப்பை இரவல் வாங்குவதற்கும் ஒப்பாரியை இரவல் வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒப்பாரி பெண்களின் சொத்து. அதை ஆண் எடுத்து மேடையில் வைக்கும்போது சொந்தக்காரிக்கு என்ன நடக்கிறது?

ஏதென்ஸில் நடந்தது நமக்குத் தெரியும். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோன் அந்த நகரத்துக்குச் சட்டம் வகுத்தபோது சாவீட்டையும் விட்டுவைக்கவில்லை. பெண்கள் உடம்பைக் கீறிக்கொள்ளக் கூடாது, கட்டி வைத்த ஒப்பாரியைப் பாடக் கூடாது, அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போய்ப் புலம்பக் கூடாது என்று அவர் தடுத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். பிரேத ஊர்வலத்தில் ஆண்கள் முன்னே போக வேண்டும், பெண்கள் பின்னே. ஏழைகளின் கடனைத் தள்ளுபடி செய்த அதே மனிதர் ஒப்பாரிக்கு ஏன் தடை போட வேண்டும்? ஒரு சாவீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விடை தெரியும். ஒப்பாரி வெறும் அழுகை அல்ல. யார் கைவிட்டது, யார் ஏமாற்றியது, எந்த அண்ணன் எந்த நகையைத் திருப்பித் தரவில்லை என்று ஊர் நடுவில், யாரும் குறுக்கிட முடியாத நேரத்தில், ராகத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அது. கிரேக்க ஒப்பாரி மரபைப் பற்றி 1974இல் பெரிய நூல் எழுதிய மார்கரெட் அலெக்சியூவும் அந்தத் தடைகளைக் குலப்பகையோடும் சொத்துரிமையோடும் சேர்த்துத்தான் பார்க்கிறார். பெண்ணின் புலம்பல் அடுத்த கொலைக்குத் தூண்டுகோல். அது நின்றால்தான் நகரம் நகரமாக இருக்க முடியும்.

இதை இலங்கையில் இருந்துகொண்டு புரிந்துகொள்வது சுலபம். 1990இல் மாத்தறையில், காணாமல் போன பிள்ளைகளுக்காகத் தென்னிலங்கைத் தாய்மார் ஒன்று சேர்ந்தபோது அவர்கள் கையில் மனு இருந்தது. ஆனால் ஆட்சியை அசைத்தது மனு அல்ல. கோவில் வாசல்களில் தலைவிரிகோலமாகத் தேங்காய் உடைத்து அழுது சாபமிட்டார்களே, அதுதான்.

சோலோனின் சட்டம் சுடலையில் அடக்கிய குரல் அடுத்த நூற்றாண்டில் அரங்கில் எழுகிறது. எழுப்பியவர்கள் நகரத்தின் ஆண்கள், நகரத்தின் செலவில், நகரத்தின் திருவிழாவில். துன்பியல் நாடகத்தில் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்டால், அழத் தெரிந்தவளுக்குத்தான் அங்கே வேலை என்பதே என் பதில். சாவை வைத்துப் பேசும் கலை அவளிடம் இருந்தது. நாடகக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டதில் ஓர் அளவும் வைத்திருந்தார்கள். கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரத்தை அழித்தபோது, ஃபிரினிக்கஸ் அதை நாடகமாக்கினார். மிலேட்டஸ் ஏதென்ஸின் உறவு நகரம். அரங்கமே விம்மி அழுதது. ஆசிரியருக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் ஆடக் கூடாது என்று தடுத்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். நேற்றைய சாவுக்கு அழக் கூடாது. துரோய்க்கு அழலாம், தீப்ஸுக்கு அழலாம். காமன் பொட்டலிலும் ரதிக்கு அழலாம்.

ஆனால் இரவல் வாங்கிய பொருள் சில சமயம் வாங்கியவன் கையைச் சுடும். யூரிப்பிடிஸின் 'மெடியா' அப்படி ஒன்று. வழக்கமாக அவளைப் பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மலையகத்துக்காரன் அவளை வேறு மாதிரி வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் கருங்கடலின் அக்கரையிலிருந்து கப்பலேறி வந்தவள். வந்த நாட்டில் அவளுக்குப் புருஷன் ஒருவனே உறவு. அவன் அரசன் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறான், இவளை நாட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். போவதற்கும் ஊர் இல்லை, பிறந்த வீட்டுக்குத் துரோகம் செய்துவிட்டுத்தான் வந்தாள். கதை நடப்பது கொரிந்த் என்றாலும் அதைப் பார்த்தவர்கள் ஏதென்ஸின் குடிகள். கி.மு. 451இல் அந்நகரத்தின் தலைவர் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸைச் சேர்ந்தவர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். மெடியா போன்ற ஒருத்தி பெற்ற பிள்ளைகளுக்கு அங்கே நாடில்லை. இருபது ஆண்டு கழித்து, கி.மு. 431 வசந்தத்தில், அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களின் முன்னால் நாடற்ற ஒருத்தி எழுந்து நின்று சீதனத்தைப் பற்றி முறையிடுகிறாள், பிள்ளைப்பேற்றையும் போர்க்களத்தையும் எடை போடுகிறாள், நாடு இல்லாதவளின் நிலையைச் சொல்கிறாள். அந்த ஆண்டுப் போட்டியில் நாடகத்துக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். போட்டியிட்டவர்களே மூன்று பேர்.

அதே ஆண்டு குளிர்காலத்தில், அப்போது மூண்டிருந்த போரில் செத்த முதல் வீரர்களைப் புதைக்கும்போது பெரிக்கிளிஸ் ஆற்றிய உரையைத் துசிடிடிஸ் பதிந்திருக்கிறார். கைம்பெண்களுக்கு அவர் சொன்ன புத்தி, ஆண்கள் வாயில் புகழாகவோ பழியாகவோ அடிபடாமல் இருப்பதே உங்களுக்குப் பெருமை என்பது. இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் அந்த வசந்தத்தில் மெடியாவைப் பார்த்தவர்கள். ஏதென்ஸுக்கு இதில் முரண் தெரிந்திருக்காது. அரங்கில் பேசலாம், அங்கே பேசுகிறவன் ஆண்தானே.

பெண்ணைக் கணக்கில் எடுக்காத சட்டத்துக்கு மேடையிலேயே நியாயம் கற்பித்த நாடகமும் உண்டு. ஈஸ்கிலஸின் ஒரெஸ்டிஸ் முத்தொகுதி, கி.மு. 458. அகமெம்னன் போருக்குக் காற்று வேண்டி மகள் இபிஜெனியாவைப் பலி கொடுத்தான். திரும்பி வந்தவனைத் தாய் கிளைட்டெம்னெஸ்ட்ரா வெட்டினாள். தாயை மகன் ஒரெஸ்டிஸ் வெட்டினான். தாயின் இரத்தத்துக்காகப் பழிதேடும் பெண் தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. வழக்கு ஏதென்ஸில். அவனுக்காக வாதாடும் அப்பொல்லோ, தாய் பெற்றவளே அல்ல, வந்த விதையைக் காத்து வைப்பவள், பெற்றவன் தகப்பனே என்கிறான். வாக்கு சரிபாதியாகப் பிரிகிறது. தாயில்லாமல் தகப்பன் தலையிலிருந்து பிறந்த அதீனா மகன் பக்கம் சாய்கிறாள்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஞாபகம் வருகிறது. இலங்கையில் பிறந்தவன் வம்சாவழிக் குடிமகனாக வேண்டுமானால் தன் தகப்பன் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். கல்யாணத்தில் பிறந்த பிள்ளையிடம், தாய் எங்கே பிறந்தாள் என்று அந்த விதி கேட்கவே இல்லை. அவள் ஹைபொரஸ்ட் தோட்டத்தில் பிறந்து, ராகலையில் வாழ்க்கைப்பட்டு, பிறந்த நாட்டைவிட்டு ஒரு நாளும் நகராதவளாக இருந்தாலும் பிள்ளைக்கு அதனால் பலன் இல்லை. அப்பொல்லோவின் வாதம் கொழும்புப் பாராளுமன்றத்தில் ஜெயித்தது. தாய் வழியையும் சட்டம் ஏற்றுக்கொண்டது 2003இல்தான். இந்திய வம்சாவளியினருக்கென்று வந்த 1949இன் சட்டம் இன்னொரு கணக்கு வைத்தது: கல்யாணம் கட்டியவர்களுக்கு ஏழு வருஷ வசிப்பு போதும், கட்டாதவர்களும் கைம்பெண்களும் பத்து வருஷம் காட்ட வேண்டும். ஒரு பெண்ணுக்குப் புருஷன் மூன்று வருஷம் பெறுமதி.

1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தபோது, இப்படி நாடற்றுப்போன மலையகத் தமிழர் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். யூரிப்பிடிஸின் 'துரோய் நகரப் பெண்கள்' இதே போன்ற ஒரு பங்கீட்டில் தொடங்குகிறது. நகரம் எரிந்து முடிந்தது, ஆண்கள் செத்தாயிற்று, எந்தப் பெண் எந்தத் தளபதிக்கு என்று சீட்டு விழுந்துவிட்டது. தூதன் வந்து ஒவ்வொருத்தி பெயராகச் சொல்கிறான். கிழவி ஹெக்குபா ஒடிசியஸுக்கு, கஸாண்ட்ரா அகமெம்னனுக்கு. கி.மு. 415இல் அது மேடையேறிய சில மாதங்களுக்கு முன்புதான் ஏதென்ஸ், மெலொஸ் என்ற தீவில் பிடிபட்ட ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. இந்த முறை தண்டம் விதிக்கவில்லை. ஒப்புக்குத் துரோய் என்று பெயர் போட்டிருந்தது காப்பாற்றியது. நம் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தர்மசிறி பண்டாரநாயக்க இதைச் சிங்களத்தில் மேடையேற்றினார். அனோஜா வீரசிங்க ஹெக்குபாவாக நடித்தார். அவர் அழுதது எந்த நகரத்துக்காக என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்குப் பிறகாவது ஹெக்குபா ஒரு பெண்ணாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மலையகத்தில் நடந்த பங்கீட்டுக்கு யாரும் நாடகம் எழுதக் காத்திருக்கவில்லை. பெற்றோர் இந்தியாவுக்கு, கட்டிக்கொடுத்த மகள் இலங்கைக்கு. அண்ணனுக்குப் பாஸ்போர்ட் வந்தது, தங்கைக்கு வரவில்லை. ராகலை வரை வந்த சின்ன ரயில் பாதையை 1940களிலேயே மூடிவிட்டதால் இந்தப் பக்கத்துச் சனம் லொறியிலும் பஸ்ஸிலும் நானுஓயாவுக்கோ கண்டிக்கோ போய்த்தான் தலைமன்னாருக்குக் கோச்சி பிடிக்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார். ரயில் மேடையில் நிற்கிறவர்களும் ஜன்னலில் தொங்குகிறவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல், உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரியின் விதியே அங்கே உடைந்தது, செத்தவர் யாரும் இல்லை. அன்டிகனியும் அப்படித்தான். அண்ணனைப் புதைக்கக் கூடாது, அழக்கூடக் கூடாது என்ற அரசன் ஆணையை மீறியவள், கல்லறைக்கு உயிரோடு நடந்து போகும்போது தனக்குத் தானே புலம்புகிறாள். ஆனால் கோச்சி மேடையில் எந்த ஆணும் சேலை கட்டிக்கொண்டு வந்து பெண்களுக்காக அழவில்லை. அரசியல்வாதிகள் பேசினார்கள், சங்கத் தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். அழுத குரல் சொந்தக் குரல்.

நம் பெண்கள் அழத்தான் தெரிந்தவர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார், பாட்டுகளை எழுதி அச்சிட்டு விற்றார். இலங்கையில் இந்தியர் நிலைமையைப் பற்றிய அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் வந்தது. பெரிக்கிளிஸின் ஏதென்ஸில் இதற்கு இடமே இருந்திராது. பெண்கள் கூட்டம் கூட்டமாக உழைத்த மலைகளில், அவருக்குப் பிறகு அந்த மேடையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைந்து போனார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

திரும்பவும் ரதி. சில பாட்டு மரபுகளில் சிவன் அவளுக்குத் தகப்பன் முறை. மன்மதன் மாமனின் தவத்தைக் கலைக்கப் போகிறான். அவள் போகாதே என்று தடுக்கிறாள், தகப்பனின் கோபம் அவளுக்குத் தெரியும். ஆகவே எரிந்தது தாலி மட்டுமல்ல, பிறந்த வீடும்தான். கிரேக்கக் கவிஞன் ஒருவன் கையில் இது கிடைத்திருந்தால் அவளைக் கிளைட்டெம்னெஸ்ட்ரா ஆக்கியிருப்பான். கூத்து அப்படிச் செய்வதில்லை. அவள் புலம்பலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை எழுப்பித் தருகிறார், ஆனால் அவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ஈஸ்கிலஸின் முடிவும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. வழக்கில் தோற்று ஆத்திரத்தோடு நிற்கும் பழி தேடும் தெய்வங்களை அதீனா தாஜா பண்ணி, நகரத்துக்குக் கீழே குகையும் பூசையும் தந்து, தீவட்டி பிடித்து அழைத்துப் போகிறாள். இரண்டிலும் பெண்ணின் கோபத்துக்கு மரியாதை கிடைக்கிறது, யார் கண்ணிலும் படாத இடத்தில். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சியாகப் பிரிந்து ஆண்கள் விடிய விடிய வாதாடினார்கள். புருஷன் செத்தானா இல்லையா என்று ரதியிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கூத்துப் பழக்குகிற மாஸ்டர் ஒருவரிடம், ஒரு பொம்பிளைப் பிள்ளை ரதி கட்டினால் என்ன என்று கேட்டேன். முதலில் தீட்டு என்றார், விரதம் என்றார், இராத்திரி நேரம் என்றார். எல்லாம் நான் எதிர்பார்த்தவை. கொஞ்சம் விட்டுப் பிடித்தபோது வேறொன்று வந்தது. "அவங்க கட்டினா நெசமாவே அழுதுருவாங்க சேர். அப்புறம் கூத்து எங்க நடக்குறது?"

அவர் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த வயதான அம்மா, நாலு சாவீட்டில் முன்னெடுத்துப் பாடக்கூடியவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவனுக அழுவுறது ரதிக்கு, தம்பி. நாங்க அழுதா அதுல ஆளு பேரு இருக்கும்."

எந்தெந்தப் பேர் என்று கேட்டேன். இராத்திரி வலி எடுத்த மருமகளுக்கு லொறி தராதவர், சேமலாபக் காசுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவர், கொழும்பிலிருந்து சாவுக்குக்கூட வராத மகன் என்று வரிசையாக, சாதாரணப் பேச்சில், ராகமில்லாமல் சொன்னார். முதல் இருவரும் இன்னும் அந்த டிவிசனில்தான் இருக்கிறார்கள், அந்தம்மாவும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆகவே பெயர்களை இங்கே அச்சிட முடியாது.